மதகுக்கு அங்கால: வன்னி வீதிகளில் விழும் மழைத்தண்ணீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீதி வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகக் கொஞ்சக் காலம் வெயிலில் நின்றவன் நான். இப்போது கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் பின்வாங்கில் இருந்து கொட்டாவி விடுகிறேன். மாரி தொடங்கினால் ஒவ்வொரு வருசமும் அதே கேள்விகள் வருகின்றன, வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுதி வைக்கிறேன். ஏ9 பக்கத்துக் கதை அதிகம் வரும், ஆனால் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ34, பரந்தனிலிருந்து போகும் ஏ35, மன்னார் பூநகரி ஏ32 எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

ரோட்டில் விழுகிற மழைக்கு இவ்வளவு கதை தேவையா?

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். தார் போட்ட அகலம் 10 மீற்றர், நீளம் 1 கிலோமீற்றர், பெய்த மழை 10 மில்லிமீற்றர். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர். அப்படியென்றால் அந்த ஒரு கிலோமீற்றரில் ஒரு இலட்சம் லீற்றர், அதாவது பத்தாயிரம் லீற்றர் பவுசர் பத்து. 10 மில்லிமீற்றர் என்பது மாரியில் ஒரு தூறல் மாதிரி, குடை மறந்தவன்கூடப் பெரிதாகக் கவலைப்பட மாட்டான். அதே மழை பக்கத்துக் காட்டில் விழுந்தால் சருகும் மண்ணும் குடித்துவிட்டு ஏப்பம் விடும். காபெற் ரோட்டுக்குக் குடிக்கத் தெரியாது, விழுந்ததில் கிட்டத்தட்ட முழுவதையும் ஓரத்துக்குத் தள்ளிவிடும். தள்ளிவிட்ட பிறகு அது எங்கே போகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. நான் சொல்ல வருவதெல்லாம் அந்த ஒரு இடத்தைப் பற்றித்தான், ரோட்டுக்குக் கீழே தண்ணீர் கடக்கும் மதகுக்கு அங்கால.

அந்தத் தண்ணீரில் அப்படி என்ன அழுக்கு?

ரயர் தேயும் தூள், பிரேக் தேயும் தூள், எஞ்சினிலிருந்து சொட்டும் ஒயில், டீசல் புகைக் கரி, தாரிலிருந்து வருவது, இரவில் ரோட்டில் படுத்தெழும்பும் மாடுகளின் சாணி, பிளாஸ்ரிக் பை, சோற்றுப் பாசல் தாள். ரயரிலும் கல்வனைஸ் பண்ணிய பாதுகாப்புக் கம்பிகளிலும் நாகம் (சிங்க் உலோகம்) வரும், பிரேக்கில் செம்பு வரும். ஈயம் கலந்த பெற்றோலை இலங்கையில் 2002 இல் நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் ஈயம் ஓர மண்ணில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகிற சாமான் இல்லை.

ரயர் தூளைப் பற்றி ஒரு கதை. அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்தில் கோஹோ சல்மன் மீன்கள் முட்டையிட ஆற்றுக்கு வந்ததும் மழைக்குப் பிறகு கூட்டமாகச் செத்தன, பல வருசம் காரணம் பிடிபடவில்லை. 2020 கடைசியில் வெளியான ஆய்வில்தான் தெரிந்தது, ரயரில் வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்து வேறொன்றாக மாறி மழைநீரோடு ஆற்றுக்குள் இறங்கியிருக்கிறது. சொந்தக்கார மீனான சம் சல்மனுக்கு அது ஒன்றும் செய்யவில்லை, ஆகவே இதை வைத்து நம் குளத்துத் திலாப்பியாவைப் பற்றி யாரையும் பயமுறுத்த மாட்டேன். சின்ன அளவிலேயே கொல்லக்கூடிய ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் ஓடலாம் என்பதற்காகத்தான் சொன்னேன்.

என் அபிப்பிராயம் கேட்டால், வன்னியில் முதல் எதிரி சேறு. நாகமும் செம்பும் அதற்குப் பிறகுதான், அவையும் பெரும்பாலும் சேற்றுத் துகளில் ஏறித்தான் பயணம் செய்யும். சேற்றை வழியில் மறித்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் மழை, முதல் மழை என்கிறீர்களே, அதில் என்ன விசேஷம்?

எங்கள் பக்கம் வருசத்துக்கு ஏறக்குறைய 1,250 முதல் 1,500 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து டிசெம்பருக்குள் கொட்டிவிடும். அதற்கு முன் மாதக்கணக்கில் கச்சான் காற்றும் புழுதியும்தான். அந்த மாதங்களில் ரோட்டில் படிந்த எல்லாமே முதல் மழைக்காகக் காத்துக்கொண்டு கிடக்கின்றன.

ஒரு வருசம் ஒக்டோபரில், மாங்குளத்துக்குத் தெற்கே ஒரு மதகடியில் மழைக்கோட்டோடு நின்று பார்த்தேன். முதலில் வந்தது கறுப்பு. நுரை தள்ளிக்கொண்டு, மேலே ஒயில் படலம் வானவில் மாதிரி மினுங்கிக்கொண்டு, ஒரு யோகட் கோப்பையும் ஒற்றைச் செருப்பும் முன்னால் வர ஊர்வலம் போல வந்தது. இருபது நிமிசம் கழித்து கறுப்புப் போய்ச் செம்மண் நிறம். மழை விடுகிற நேரம் வெறும் பிளேன்ரீ நிறம். மூன்று போத்தலில் பிடித்து வரிசையாக வைத்தேன், பார்த்தவர்கள் மூன்றும் வேறு வேறு இடத்துத் தண்ணீர் என்றார்கள். இதனால்தான் தண்ணீர்த் தரக் கண்காணிப்பு என்று ஒருநாள் பின்னேரம் வந்து ஒரு போத்தல் பிடித்துக்கொண்டு போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்த நிமிசத்தில் பிடித்தது என்று எழுதாத போத்தல் வெறும் தண்ணீர்ப் போத்தல்.

வாகனங்கள் நின்று போகும் இடங்களில் இது இன்னும் கூட. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகிற வாகனம் குறைவு, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, எஞ்சினும் கொஞ்சம் ஆறும். அந்த மாதிரித் தரிப்பிடங்களில் நிலத்தைக் குனிந்து பார்த்தால் கறுப்புப் பொட்டுகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு வாகனம் சொட்டிவிட்டுப் போனது.

எங்கள் குளத்துக்கும் ரோட்டுக்கும் என்ன சம்பந்தம்?

வன்னிக் குளங்கள் தனித்தனியாக இல்லை, மேல் குளம் நிறைந்து வழிந்து வான் பாய்ந்தால் கீழ்க் குளத்துக்கு வரும், அதன் கழிவு அடுத்ததற்கு. கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்பிவிட்டுச் சுண்டிக்குளம் பக்கம் கடல்நீரேரிக்குப் போவதும் அதே தொடர்ச்சிதான். இந்தத் தொடருக்குக் குறுக்கே ஒரு ரோட்டு உயர்ந்து நின்றால் அது அரைவாசி அணைக்கட்டு. மதகு இருக்கும் இடத்தில் மட்டும் தண்ணீர் கடக்கும், மற்ற இடமெல்லாம் மறிபடும், கடக்கும் இடத்தில் பத்து ஓடையின் வேகமும் ஒன்றாகச் சேரும்.

அந்த வேகத்தில் அள்ளிய மண் குளத்தின் மேல்முனையில் படியும். வருசத்துக்கு ஒரு விரற்கடை என்றால் யாருக்கும் தெரியாது. பத்து வருசம் கழித்து, குளம் சீக்கிரம் வான் பாய்கிறதே, சிறுபோகத்துக்குத் தண்ணீர் காணவில்லையே என்று கூட்டத்தில் சண்டை வரும்.

பழைய ஆட்கள் இதற்கு வழி வைத்திருந்தார்கள். குளத்துக்குத் தண்ணீர் நுழையும் இடத்துக்கு மேலே ஒரு சின்ன நீர்க்கிடங்கு, மண் அதிலேயே அடங்கிவிடும். அதற்குக் கீழே அடர்ந்த புல்லுப் பட்டை, மிச்சத்தை அது வடிக்கும். சிங்களக் கிராமங்களில் முதலாவதைக் கொடவல என்றும் மற்றதைப் பெரஹன என்றும் சொல்வார்கள். இன்றைய பொறியியல் புத்தகத்தில் மண்டி படியும் தொட்டி, வடிகட்டும் புல் பட்டை என்று படம் போட்டிருப்பதும் இதே சாமான்தான். நாங்கள் செய்தது என்னவென்றால், அந்தப் புல்லுப் பட்டையை உழுது நெல் விதைத்தது.

2018 வெள்ளத்துக்கு ரோட்டுகள்தான் காரணமா?

இல்லை. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்தது, குளங்கள் ஏற்கெனவே நிறைந்திருந்த நேரத்தில் கொட்டிய பெருமழை. எந்த மதகாலும் அதை விழுங்கியிருக்க முடியாது. ஆனால் ஒரு இடத்தில் ரோட்டின் ஒரு பக்கம் வீட்டுக்குள் தண்ணீர், மறுபக்கம் முற்றத்தில் கோழி மேய்கிறது என்றால், அந்த இடத்தில் மதகைப் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். போருக்குப் பிறகு வீதிகளை உயர்த்திக் கட்டினோம், பஸ் போக நல்லது. உயர்த்திய ஒவ்வொரு அடிக்கும் கீழே தண்ணீருக்கும் ஒரு வழி கேட்கும்.

மதகின் அளவை எப்படிக் கணிக்கிறார்கள்? கண்மதிப்பா?

மதகுக்குத் தண்ணீர் வந்து சேரும் நிலம், அதாவது நீரேந்து பரப்பு, சின்னதாக இருந்தால் ஒரு எளிய சூத்திரம் உண்டு. பரப்பை ஹெக்டெயரில், மழையின் கடுமையை மணிக்கு மில்லிமீற்றரில், நிலம் எவ்வளவு பங்கை வழியவிடும் என்ற எண்ணை, மூன்றையும் பெருக்கி 360 ஆல் பிரித்தால் செக்கனுக்கு எத்தனை கனமீற்றர் என்று வரும்.

பற்றைக்காடு 20 ஹெக்டெயர், மழை மணிக்கு 80 மில்லிமீற்றர், வழியும் பங்கு 0.3 என்று எடுத்தால் விடை செக்கனுக்கு 1.3 கனமீற்றர். 900 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஹியூம் பைப் (கொங்கிறீற்றுக் குழாய்) ஒன்றில் தண்ணீர் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் நிறைந்து ஓடினால் ஏறக்குறைய அவ்வளவு போகும். சரி, பைப்பைப் போட்டுவிட்டோம். அப்புறம் மேலே காட்டை வெட்டி வீட்டுத்திட்டம் வந்தது, கடைகள் வந்தன, ஒழுங்கைகளுக்குக் கொங்கிறீற்று வந்தது. வழியும் பங்கு 0.6 ஆகிறது, தண்ணீர் இரட்டிப்பு. பைப் அதே பைப். மதகு கட்டினவனைத் திட்டுவதற்கு முன் மேலே என்ன நடந்தது என்று ஏறிப் பாருங்கள். சில நேரம் இரண்டு பேரையும் திட்டலாம்.

கொங்கிறீற்றுக் கான் நல்லதா, மண் கான் நல்லதா?

கான் என்றால் ரோட்டோர வடிகால். இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், கேட்கிறவர் மனதில் கொங்கிறீற்றுத்தான் ஏற்கெனவே வென்றிருக்கும். கிளிநொச்சி, வவுனியா நகரத்துக்குள் கடை வாசலில் வேறு வழியில்லை, கொங்கிறீற்றுத்தான், மூடியும் வேண்டும். நகரத்தை விட்டு வெளியே வந்த பிறகும் அதையே கிலோமீற்றர் கணக்கில் இழுப்பது எனக்குப் பிடிக்காது. வழுவழுப்பான கானில் தண்ணீர் வேகம் எடுக்கும், எதையும் வடிக்காது, நிலத்துக்குள்ளும் இறங்காது. ரோட்டில் சேர்ந்த கறுப்பு முழுவதையும் அப்படியே குளத்தடியில் கொண்டுபோய் இறக்கிவிடும். அகலமான, ஆழம் குறைந்த, புல் வளர்ந்த மண் கான் தண்ணீரின் கையைப் பிடித்து நடத்தும், மண்ணும் அதில் ஏறிய நாகமும் செம்பும் புல்லடியில் தங்கும், கொஞ்சத் தண்ணீர் நிலத்துக்குள்ளும் போகும். சரிவு நூற்றுக்கு ஒன்றிலிருந்து நான்கு வரை என்றால் நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் என்றால் இடையிடையே சின்னக் கல்தடுப்பு வேண்டும்.

கல்தடுப்பில் எல்லோரும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். நடு உயர்ந்து, இரண்டு பக்கமும் தாழ்ந்து, கோயில் கோபுரம் மாதிரிக் கல்லைக் குவிப்பார்கள். தண்ணீர் பக்கத்தால் சுற்றிப்போய்க் கரையை அரித்து, அடுத்த மழைக்குக் கல்லுக்குப் பக்கத்தில் புதுக் கான். நடுதான் தாழ்ந்திருக்க வேண்டும், கரைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். கீழ்த் தடுப்பின் தாழ்ந்த உச்சியும் மேல் தடுப்பின் அடியும் ஒரே மட்டத்தில் வருகிற மாதிரி இடைவெளி விட்டால், இடையில் தண்ணீர் படிக்கட்டாக நின்று மண்டியை இறக்கும்.

கொங்கிறீற்றுக் கானின் உண்மையான பிரச்சினை அது முடியும் இடம். ஒரு ஒழுங்கை எனக்குத் தெரியும், அங்கே கான் ஒப்பந்தப்படி அளவாக முடிந்தது, இரண்டடி உயரத்திலிருந்து வெறும் மண்ணில் தண்ணீர் குதித்தது. முதல் மாரியில் ஒரு குழி. இரண்டாவதில் அது ஓடை. மூன்றாவது மாரி முடிய நான் உள்ளே இறங்கி நின்றேன், மேலே நின்ற பொடியனுக்கு என் தலை மட்டும்தான் தெரிந்தது. அவ்வளவு மண்ணும் கீழே ஒருவருடைய வயலில், பயிருக்கு மேல். கானுக்கு அளவெடுத்து, பணம் கொடுத்து, கையெழுத்து வைத்த அலுவலகம் அது தங்கள் எல்லைக்கு வெளியே என்றது. ஒரு ட்ராக்டர் பெட்டி கருங்கல்லைக் கான் முடியும் இடத்தில் அகலமாகப் பரப்பி, சுற்றிவர வெட்டிவேர் நெருக்கமாக நட்டிருந்தால் இது நடந்திருக்காது. கல்லுக்குக் கீழே ஒரு வடிகட்டித் துணியோ சல்லிப் படையோ போட வேண்டும், இல்லாவிட்டால் மண் கல்லிடுக்கால் உறிஞ்சப்பட்டு கல் கீழே இறங்கிவிடும்.

ரோட்டு வேலை நடக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

கிரவல் குவியல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மதகு வாய்க்கு மேலே குவித்திருந்தால் இப்போதே சொல்லுங்கள், மழைக்குப் பிறகு அது குவியலாக இருக்காது. மண் வேலை ஒக்டோபருக்கு முன் முடியுமா, வெட்டிய சரிவுக்குப் புல் எப்போது, கிரவல் எடுத்த கிடங்குத் தண்ணீர் எங்கே வடியும். இந்த மூன்றையும் கேட்டால் போதும், கேட்கிறவருக்கு விசயம் தெரியும் என்று அவர்களுக்கு விளங்கிவிடும்.

தேசிய சுற்றாடல் சட்டம் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கம். அதன் கீழ் 1993 இல் வந்த வர்த்தமானிப்படி 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தேசிய, மாகாண நெடுஞ்சாலைக் கட்டுமானம் சுற்றாடல் அனுமதி நடைமுறைக்குள் வரும். அந்த அறிக்கைகளில் கண்காணிப்புத் திட்டம் என்று ஒரு பகுதி இருக்கும், எந்த இடத்தில், எத்தனை தடவை தண்ணீர் சோதிப்போம் என்று. 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதைக் கேட்டு எடுக்கலாம், தமிழிலேயே எழுதிக் கேட்கலாம்.

கண்காணிப்பு என்றால் லேப் இல்லாமல் முடியுமா?

பெரும்பகுதி முடியும். ஒரு மழைமானி, சுவர் நேரான போத்தலில் அடிமட்டம் ஒட்டியதாக இருந்தாலும் போதும், மரத்துக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள். மதகுச் சுவரில் பெயின்ரால் 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு. கைபேசிப் படம், எப்போதும் ஒரே இடத்தில் நின்று, ஒரே பக்கம் பார்த்து. கலங்கலை அளக்க ஒரு நீளமான கண்ணாடிக் குழாயின் அடியில் கறுப்பு வெள்ளைக் குறி, தண்ணீரை ஊற்றிக்கொண்டே போய்க் குறி மறையும் உயரத்தை எழுதுங்கள். ஐந்து சென்ரிமீற்றரில் மறைந்தால் சேறு, ஐம்பது வரை தெரிந்தால் தெளிந்த தண்ணீர்.

ஓட்டத்தை அளக்கத் தோடம்பழம் ஒன்று போதும். நேரான கானில் 10 மீற்றர் குறித்து, பழத்தை விட்டு நேரம் பாருங்கள். 12.5 செக்கன் எடுத்தால் செக்கனுக்கு 0.8 மீற்றர். மேல் தண்ணீர் அடித்தண்ணீரை விட வேகமாகப் போகும், ஆகவே 0.85 ஆல் பெருக்க வேண்டும், 0.68. கான் அகலம் 1 மீற்றர், ஆழம் 0.3 என்றால் செக்கனுக்கு ஏறக்குறைய 200 லீற்றர். முழங்காலுக்கு மேல் ஓடினால் இறங்காதீர்கள், மின்னலுக்கும் டிப்பருக்கும் கண் வையுங்கள்.

லேபுக்கு அனுப்புவது என்றால்?

மதகுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று சோடியாக எடுங்கள், ஒரு போத்தல் மட்டும் யாரையும் குற்றவாளி ஆக்காது. மழை தொடங்கியவுடன், அரை மணி கழித்து, விடுகிற நேரம் என்று மூன்று தடவை. ஒயில் சோதிக்கக் கண்ணாடிப் போத்தல்தான், பிளாஸ்ரிக்கில் ஒயில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். உலோகத்துக்கு அமிலத்தால் கழுவிய பிளாஸ்ரிக் போத்தல், அதை லேப்காரரிடமே வாங்குங்கள். ஐஸ் பெட்டி, நேரம் எழுதிய லேபல். முதலில் தொங்கல் திண்மம் (தண்ணீரில் கலந்து மிதந்து வரும் துகள்), ஒயில், நாகம், செம்பு, இவை போதும். எல்லாவற்றையும் சோதிக்கச் சொன்னால் காசு முடியும், விடை வராது.

கிணற்றுத் தண்ணீருக்குப் பயமா?

ரோட்டுக் கான் கிணற்றுக்கு மேட்டுப் பக்கத்தில் இருந்தால், கிணற்றுக்கட்டும் உடைந்திருந்தால், ஆம். கட்டை உயர்த்தி, சுற்றிவர சீமெந்துத் தளம் போட்டு, கானை வேறு பக்கம் திருப்புங்கள். வெள்ளம் உள்ளே இறங்கினால் இறைத்துக் குளோரின் போடாமல் குடிக்கக்கூடாது.

யாரிடம் முறையிடுவது? ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார்கள்.

காட்டத்தான் செய்வார்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, ஊர் ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. 200 ஏக்கருக்குள் பாய்ச்சும் சின்னக் குளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம், அதற்கு மேல் நீர்ப்பாசனத் திணைக்களங்கள். ரோட்டுத் தண்ணீர் குளத்துக்குள் போகும் புள்ளியில் இரண்டு பேருடைய எல்லையும் முடிகிறது, அதனால் அங்கே யாரும் இல்லை. ஒரே கடிதத்தை இரண்டு பேருக்கும் முகவரியிட்டு, பிரதேச செயலாளருக்குப் பிரதி வையுங்கள். திகதி போட்ட படங்கள் பத்தும் மழைமானிக் கொப்பியும் இருந்தால் கடிதத்தைக் கோப்புக்குள் போடுவது கஷ்டம். உயிராபத்து என்றால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ எடுங்கள்.

மதகுக்கு அங்கால பற்றைக்குள் போவது பாதுகாப்பா?

பழகிய மாட்டுப்பாதையில் போங்கள், தெரியாத காட்டோரத்தில் ஊராரைக் கேட்காமல் இறங்காதீர்கள். முகமாலைப் பக்கம் போல மிதிவெடி அகற்றும் வேலை நீண்ட இடங்கள் உண்டு. வெள்ளம் மண்ணை அள்ளும்போது பழைய இரும்பையும் புரட்டும். தெரியாத ஒன்றைக் கண்டால் தொடாமல் வந்த வழியே திரும்பிப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

கான் துப்பரவு எப்போது, அள்ளிய மண்ணை என்ன செய்வது?

செப்ரெம்பரில், முதல் மழைக்கு முன். மழை தொடங்கிய பிறகு மண் அள்ளும் பேக்கோ மெசின் வந்து கானைச் சுரண்டிப் புல்லையும் பிடுங்கினால் அந்த வருசம் முழுக்கச் சேறுதான், புல்லை வெட்டலாம், வேரோடு எடுக்க வேண்டாம். அள்ளிய மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள், முதல் மழையோடு அது திரும்பி உள்ளே இறங்குகிறது, அடுத்த வருசம் அதே மண்ணை அள்ள அதே பேக்கோவுக்கு மறுபடி காசு. உழவு மெசின் பெட்டியில் ஏற்றி, தண்ணீர் ஓடாத மேட்டில் கொட்டுங்கள். மரக்கறித் தோட்டத்துக்கு மட்டும் வேண்டாம், கறுப்பு மண் நல்ல பசளை என்று ஒருவர் கத்தரிக்குப் போட ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தேன், பெட்டியிலிருந்து சொட்டிய தண்ணீரில் ஒயில் மினுங்கியது.